எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாதம்: எடை இறங்கவில்லை, மனமும் ஒத்துழைக்கவில்லை

தென்றல் (வினா)

அனைவருக்கும் வணக்கம். இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் ஸ்லீவ் முறையில் எனக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்து இது மூன்றாவது மாதம். தொடக்கத்தில் எடை விரைவாக இறங்கியது. ஆனால் சில வாரங்களாக எடைக் கருவி ஒரே எண்ணில் நிற்கிறது. ஒரு வேளைக்குச் சில கரண்டிகளுக்கு மேல் உண்ண முடியாத நிலையில், இன்னும் எதைக் குறைப்பது என்று எனக்குப் புரியவில்லை. தலை வாரும்போது முடி கொத்தாக வருகிறது. மாலை நடைக்குப் புறப்பட முன்பெல்லாம் யாரும் என்னைத் தூண்ட வேண்டியிருக்கவில்லை. இப்போது செருப்பை மாட்டிக்கொள்ளவே மனம் வருவதில்லை. வீட்டில் உள்ளவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள் என்றாலும், "இன்று எவ்வளவு குறைந்தது?" என்பதற்குத் தினமும் பதில் சொல்வது பெரும் அயர்ச்சியைத் தருகிறது.

மென்மையான உணவிலிருந்து வழக்கமான உணவுக்கு மாறிய பின், ஒரு வாரத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாள்களில் வாந்தி வருகிறது. சத்து மாத்திரைகளும் சில நாள்களில் வயிற்றில் தங்குவதில்லை. இந்தக் காலத்தில் இது இயல்புதான் என்று தெரிந்தவர்கள் கூறியதால் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவர்கள் உடல்நலத்தையும் மன உறுதியையும் எவ்வாறு காத்துக்கொண்டீர்கள் என்று எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

நெடுவழி

வணக்கம் சகோதரி. நான், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலை மாற்றி இணைக்கும் காஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எடை நின்றுபோவது உங்களுக்கு மட்டும் நேர்ந்த ஒன்றன்று; அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் முதல் சில மாதங்களுக்குள் ஒரு முறையாவது இதைச் சந்திக்கிறார்கள்.

முதல் வாரங்களில் இறங்கும் எடை முழுவதும் கொழுப்பு அன்று. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்து முதலில் செலவாகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருப்பதால், அது கரையும்போது அந்த நீரும் வெளியேறி, எண் வேகமாகச் சரிகிறது. அதன் பிறகு உடல் கொழுப்பை எரிக்கும் வேகம் இயல்பாகவே மெதுவானது. இடையில் உடல் நீரைத் தேக்கிக்கொண்டால், கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் எடை மாறாமல் தோன்றும். எனவே இந்த நேரத்தில் உணவை இன்னும் குறைப்பது தவறான வழி. புரதம் போதாவிட்டால் உடல் தசையைக் கரைக்கும். தசை குறைந்தால் ஓய்வு நிலையில் செலவாகும் ஆற்றலும் குறையும். இடுப்பு, தொடை, மேற்கை ஆகியவற்றின் சுற்றளவை மாதம் ஒரு முறை அளந்து எழுதிவையுங்கள். எடைக் கருவி காட்டாத மாற்றத்தை அளவு நாடா பல நேரங்களில் காட்டிவிடும்.

என் கருத்தில், ஆறு மாதங்களுக்கு எடையே பார்க்காமல் இருப்பது மனத்துக்கு நல்லது. வாந்தியைப் பற்றிக் கூறும் தகுதி எனக்கு இல்லை. அதை மருத்துவரிடம் தாமதமின்றிச் சொல்லுங்கள்.

கைப்பிடி அளவு

நான் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் உணவியல் ஆலோசகர். எடை நின்றதும் முடி உதிர்வதும் காத்திருக்கலாம். வாந்தி காத்திருக்கக் கூடாது. அதை இயல்பு என்று உங்களிடம் கூறியவர்கள் நல்லெண்ணத்தோடு கூறியிருக்கலாம்; ஆனாலும் அந்த அறிவுரையை ஏற்காதீர்கள்.

அவசரமாகவோ சரியாக மெல்லாமலோ உண்ட ஒரு வேளையில் வாந்தி வருவது வேறு. பல நாள்கள் தொடர்ந்து வருவது வேறு. வைட்டமின் பி1 எனப்படும் தயமினை உடல் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு மேல் சேமித்து வைத்திருப்பதில்லை. உணவும் குறைவு, மாத்திரையும் தங்கவில்லை என்றால் அந்தச் சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். அப்போது பாதங்களில் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம், மறதி ஆகியவை தோன்றலாம். வெர்னிக்கே எனப்படும் இந்த மூளைப் பாதிப்பு உடனடியாகக் கவனிக்கப்படாவிட்டால் நிரந்தரமாகிவிடக்கூடும். மருத்துவமனைக்குச் சென்றவுடன், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதையும் எத்தனை நாள்களாக வாந்தி என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தயமின் குறைந்திருக்கும்போது அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமடையக்கூடும் என்பதால், பணியில் இருக்கும் மருத்துவர் இந்தச் செய்தியை அறிந்திருப்பது மிக முக்கியம். சிறுநீர் அடர்நிறமாகப் போவதும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றுவதும் நீர்ச்சத்து குறைந்ததற்கான அடையாளங்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாயாக அமைகிறது. அது ஓரிடத்தில் மேலும் சுருங்கினாலோ முறுக்கிக்கொண்டாலோ திட உணவு இறங்காது. எண்டோஸ்கோப்பி போன்ற பரிசோதனையில்தான் அது தெரியும். தயவுசெய்து இன்றே செல்லுங்கள்.

வாந்தி நின்ற பின்னர் கவனிக்க வேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் பொதுவான இலக்கு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், தட்டில் உள்ளவற்றில் புரதத்தை முதலில் உண்ண வேண்டும் என்று நாங்கள் ஏன் வற்புறுத்துகிறோம் என்பது விளங்கும். குறைந்தது ஒன்றரை லிட்டர் நீர் வேண்டும். ஆனால் உணவோடு சேர்த்துக் குடிக்காமல், உண்டு முடித்து அரை மணி நேரம் கழித்துச் சிறு மிடறுகளாகக் குடியுங்கள். கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பின் உறிஞ்சலைத் தடுக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். நாள் முழுவதற்குமான 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியத்தை ஒரே தடவையில் உடல் ஏற்காது, அதனால்தான் 500 அல்லது 600 மில்லிகிராமாகப் பிரித்துத் தருகிறார்கள். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்குக் குடல் மாற்றி இணைக்கப்படவில்லை என்பதால் பி12 தேவையில்லை என்று சிலர் நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த வைட்டமினை உறிஞ்சத் தேவையான அமிலமும் காரணிப் புரதமும் சுரப்பது இரைப்பையிலேயே. அந்த இரைப்பைதான் இப்போது சிறிதாகியிருக்கிறது.

முடி உதிர்வு பற்றி ஓர் ஆறுதல்: பெரும் அறுவை சிகிச்சையும் விரைவான எடையிழப்பும் உடலுக்கு அழுத்தம் தருவதால், முடிவேர்களில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக் கட்டத்துக்குச் செல்கின்றன, உதிர்வு மூன்றாம் மாதத்தை ஒட்டித் தொடங்குவது அதனால்தான். வேர் அழிவதில்லை, பெரும்பாலோருக்கு முடி மீண்டும் வளர்கிறது. புரதம், இரும்பு, துத்தநாகம் ஆகியவை குறைந்தால் இது நீடிக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எடையே பார்க்க வேண்டாம் என்ற நெடுவழி அவர்களின் கருத்தோடு நான் உடன்படவில்லை. தினமும் பார்ப்பது தேவையற்றது. ஆனால் வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் இப்போதே அமைந்தால், பிற்காலத்தில் எடை மெல்ல ஏறத் தொடங்கும்போது சில கிலோவிலேயே தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் இருந்துவிட்டு வருபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். வெட்கத்தால் மருத்துவரைப் பார்ப்பதையும் அவர்கள் நிறுத்தியிருப்பார்கள்.

வைகறை

உடலைப் பற்றி மேலே உள்ளவர்கள் கூறிவிட்டதால், நான் மனத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஸ்லீவ் செய்துகொண்டு எனக்கு இது நான்காவது ஆண்டு.

மூன்றாம் மாதத்தில் ஊக்கம் குறைவது சோம்பல் என்று எண்ணாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன் பலர், மகிழ்ச்சி, துயரம், சலிப்பு, தனிமை எல்லாவற்றையும் உணவின் துணையோடு கடந்து வந்திருப்போம். அந்தத் துணை ஒரே நாளில் விலக்கப்படுகிறது. ஆனால் துயரமும் தனிமையும் அப்படியே இருக்கின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதி அகற்றப்படுவதால் வயிற்றுப் பசி அடங்கிவிடுகிறது. மனம் கேட்கும் பசியை எந்தக் கத்தியும் தொடுவதில்லை. எனக்கு மிகவும் உதவியது, உண்ண வேண்டும் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதை ஒரு வரியில் எழுதிவைத்ததே. நடப்பதற்கு ஊக்கம் பிறக்கட்டும் என்று காத்திருப்பதையும் விட்டுவிட்டேன். காலைப் பல்துலக்கலுக்கு யாரும் ஊக்கத்தை எதிர்பார்ப்பதில்லை அல்லவா?

இன்னும் ஒன்றை எழுத வேண்டும். இதைப் பொதுவில் பேசப் பலர் தயங்குகிறார்கள். இந்த அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு மது மிக விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது, உணவு நிரப்பிய இடத்தைச் சிலருக்கு மது பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் இந்த ஆபத்து கூடுகிறது. பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் இது தெளிவாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமும் சிலருக்கு வருவதுண்டு. சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றினாலோ, உங்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் உள்ள உளவியல் ஆலோசகரைத் தேடிச் செல்லுங்கள். காயம் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் போவோம். இதுவும் அதே அளவு மருத்துவத் தேவைதான்.

வீட்டாரிடம், "எடையைப் பற்றி நானே மாதம் ஒரு முறை சொல்கிறேன், அதற்குப் பதிலாக என்னோடு நடக்க வாருங்கள்" என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அன்புள்ளவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாதபோதுதான் எண்ணைக் கேட்கிறார்கள். செய்ய ஒரு வேலையைக் கொடுத்தால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள்.

தென்றல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கைப்பிடி அளவு அவர்களின் பதிலைப் படித்த அன்றே மருத்துவமனைக்குச் சென்றேன். முதலில் தயமின் ஊசியும் பிறகு நரம்பு வழி நீரும் கொடுத்தார்கள். எண்டோஸ்கோப்பியில், குழாயாக அமைந்த இரைப்பையின் நடுப்பகுதியில் ஒரு குறுக்கம் இருப்பது தெரிந்தது. பலூன் கொண்டு விரிவாக்கப் போகிறார்கள், தேவைப்பட்டால் மீண்டும் ஒரு முறை செய்வார்களாம். அதுவரை திரவ உணவு மட்டும். கால்களில் மரத்துப்போதல் எதுவும் இல்லை என்று பரிசோதித்துச் சொன்னார்கள். அயர்ச்சியின் ஒரு பகுதி உடலில் நீரும் சத்தும் இல்லாததால் வந்தது என்று மருத்துவர் கூறியபோது, என்னையே நான் குறைசொல்லிக்கொண்டிருந்தது சற்று அடங்கியது.

விரிவாக்கம் முடிந்த பிறகு உடற்பயிற்சியை எப்படி மீண்டும் தொடங்குவது? நீண்ட காலத்தில் எடை திரும்ப ஏறிவிடும் என்ற அச்சமும் இருக்கிறது. இவை இரண்டையும் பற்றி யாராவது கூற இயலுமா?

நெடுவழி

சரியான நேரத்தில் சென்றிருக்கிறீர்கள், மிகவும் நிம்மதியாக இருக்கிறது. எடை பார்ப்பது குறித்த ஆலோசகரின் விளக்கத்தை நானும் ஏற்கிறேன்.

எடை திரும்புவது பற்றி மறைக்காமல் சொல்வதே நல்லது: ஓரளவு ஏறுவது பெரும்பாலோருக்கு நேர்கிறது. சுவீடனில் 1987இல் தொடங்கி நெடுங்காலம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடையை இழந்திருந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்த இழப்பு 25 விழுக்காடாக இருந்தது. உங்களுடையது வேறு முறை என்பதால் அந்த எண்கள் அப்படியே பொருந்தமாட்டா. ஆனாலும் கொஞ்சம் ஏறியதாலேயே எல்லாம் வீணாகிவிடவில்லை என்பதற்கு அவை நல்ல சான்று. அதே ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதமும் குறைந்திருந்தது. பசி ஓரளவு திரும்பும் காலத்தில் புரதத்தை முதலில் உண்பது, நீரைத் தனியாகக் குடிப்பது, இனிப்புப் பானங்களைத் தவிர்ப்பது ஆகியவை பழகிப்போயிருந்தால் அந்தக் காலத்தைக் கடப்பது எளிதாகிறது.

உடற்பயிற்சியை, திரவ உணவு மட்டும் உண்ணும் நாள்களில் கூட்ட வேண்டாம். தலைசுற்றல் இல்லாத அளவுக்கு வீட்டுக்குள் நடந்தால் போதும். உணவு தங்கத் தொடங்கிய பிறகு உணவு வேளைகளுக்கு இடையே பத்து நிமிட நடையாகத் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடங்களை நோக்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சிகளை வாரம் இரண்டு நாள் சேர்த்துக்கொண்டால் தசையிழப்பு குறையும். மூட்டு வலித்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளை நீங்களாக வாங்காதீர்கள்; அவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கக்கூடும். இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், எடை குறைந்ததற்கு ஏற்ப அவற்றின் அளவை மருத்துவர் திருத்தினாரா என்பதையும் கேளுங்கள். பழைய அளவே தொடர்ந்தால் நடக்கும்போது மயக்கம் வரலாம்.

விரிவாக்கத்துக்காகச் செல்லும் நாளில், எப்போது கூழ் உணவு, எப்போது திட உணவு, எப்போதிலிருந்து பளு தூக்கலாம், எத்தனை முறை வாந்தி வந்தால் அழைக்க வேண்டும் என்ற நான்கையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.