ஒரே செகண்ட்ல ரெண்டு ஆர்டர், ஒரே ஃபோல்டர் பேரு, இன்னா பண்லாம்?

பைத்தான் தெரிஞ்சவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்கப்பா. தண்டையார்பேட்டைல மாமாவோட போட்டோ ஸ்டுடியோக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிக் குடுத்திருக்கேன், படம் ஏத்துனா தேதி டைம் வச்சு 20250210_183205ன்னு ஃபோல்டர் உருவாகும், முகூர்த்த நாள்ல ரெண்டு கவுண்டர்லயும் ஒரே செகண்ட்ல என்டர் தட்டுனா ரெண்டு வீட்டுக் கல்யாணமும் ஒரே ஃபோல்டர்ல வந்து விழுது, இது மாறிப் போனா பாவம்பா அவங்க. முன்னாடியே இருக்கான்னு செக் பண்றதும் வேலைக்காவல, செக் பண்றதுக்கும் உருவாக்குறதுக்கும் நடுவுல இன்னொரு மெஷின் பூந்துடுது. யூயூஐடி4 (ரேண்டமா உருவாகுற நீளமான ஐடி) போட்டா மோதாது, ஆனா 36 எழுத்து, மாமாவுக்குத் தேதி கண்ணுல படணும். அதனால தேதி பின்னாடி யூயூஐடியோட முதல் 8 எழுத்த மட்டும் ஒட்டி, நேரா மேக்டிர் (ஃபோல்டர் உருவாக்குற கமாண்ட்) பண்ணி, அந்தப் பேரு ஏற்கனவே இருக்குன்னு ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர் வந்தா வேற பேர்ல திரும்ப ட்ரை பண்ணா போதுமாண்ணா? ஷேர் பண்ண டிரைவ்லயும் இது ஒழுங்கா நிக்குமா, பண்ணிப் பாத்தவங்க சொல்லுங்க.