போஸ்னியாவில் போர் கண்ட பெண்களிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி:
1992 முதல் 1995 வரை நடந்த போஸ்னியப் போரைப் பெண்கள் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. களப்பணிக்காகத் துஸ்லா நகருக்குச் செல்கிறேன். வன்முறையைப் பற்றி நேரடியாகக் கேட்பது முறையாகுமா?

மறுமொழி 1:
தயவுசெய்து கேட்காதீர்கள். போஸ்னியாவின் ஃபோச்சா நகரில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் பற்றிய வழக்கில், முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயம் 2001-இல் பாலியல் வன்கொடுமையை மானுடத்திற்கு எதிரான குற்றமெனத் தீர்ப்பளிக்க அடிப்படையாக இருந்தது பெண்களின் சாட்சியமே. ஆனால் பத்திரிகையாளர், ஆய்வாளர் என்று வந்தவர்களிடமெல்லாம் அதையே திரும்பச் சொல்லிக் களைத்துப் போனவர்கள் அங்கே பலர். நான் சந்தித்த ஓர் அம்மையார், நீண்ட கைப்பிடியுள்ள செம்புப் பாத்திரத்தில் காபி காய்ச்சிச் சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் தம் தோட்டத்துப் பிளம் மரங்களைப் பற்றியே பேசினார். அவை கணவர் நட்டவை என்பதை மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார். அதுவரை ஒலிப்பதிவுக் கருவியை நான் வெளியே எடுக்கவில்லை.

மறுமொழி 2:
மொழிபெயர்ப்பாளர் அதே ஊர்க்காரராக இருந்தால் பேசத் தயங்குவார்கள். இதில் கவனம் தேவை. 1995 ஜூலை 11-இல் வீழ்ந்த ஸ்ரெப்ரெனிட்சா நகரில் நடந்த படுகொலையில் உறவுகளை இழந்த பெண்கள், இறந்தவர்களின் பெயர்களைத் தைத்த துணிகளை ஏந்தி, மாதந்தோறும் 11-ஆம் தேதி துஸ்லாவில் கூடுவது வழக்கம். முதலில் அங்கே போய் அவர்களோடு நில்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வினாப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, முதலில் போஸ்னிய மொழியைக் கற்கத் தொடங்குகிறேன்.