புதுப்பிப்பு: தொடர்மாடிக்குப் பின்னால் பூக்கும் விஷ்ணுகிரந்தி

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் உள்ள மணற்பாங்கான புற்றரையில் நகத்தளவு நீலப் பூ ஒன்று இருக்கிறது, புல் வெட்டும்போது அதை எப்படிக் காப்பாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பூ விஷ்ணுகிரந்திதான். நேர்சரிகளில் தொட்டியில் விற்கும் நீலப் பூச்செடி இதன் தென்னமெரிக்க உறவு, அதன் பூ பெரிது. இதன் பூ 1 சென்ரிமீற்றருக்கும் குறைவு. தண்டிலும் இலையிலும் பட்டுப்போன்ற மயிர் இருக்கும். அடம்பன் கொடியின் குடும்பம்; அந்தக் குடும்பத்தில் பல கொடிகள் சுற்றி ஏறினாலும் இது எதையும் சுற்றி ஏறாது, தரையோடு கிடக்கும். காலையில் விரிந்து நண்பகலுக்குப் பின் மூடிக்கொள்வதால், வேலை முடிந்து வருகிறவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

"புல்லே வெட்டாதீர்கள்" என்று சிலர் சொன்னீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புல் உயர்ந்தால் வெயில் மறைந்து இது நலிந்துவிடும். புல் வெட்டும் ஐயாவிடம் பேசினேன்; அந்த ஓரத்தில் கத்தியை உயர்த்தி வைத்து, காய் முற்றிய பிறகே வெட்டுகிறார். அடிவேர் கட்டையானது, பல்லாண்டு நிற்கும், மறுபடி துளிர்க்கிறது.

இப்போது என் கவலை வேறு. முற்றத்தை அழகுபடுத்த மண் கொட்டி, வாங்கிய புற்பாளம் பதிக்கப் பேச்சு நடக்கிறது. அது நடந்தால் செடி அடியோடு போய்விடும். அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடும்படி குடியிருப்பாளர்களிடம் கையொப்பம் சேர்க்கிறேன்.