லிங்கராஜபுரம் பக்கம் நல்ல கொத்தனார், பிட்டர் தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தில் வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் வீடுகளில் கைப்பிடி, ரேம்ப் (சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம்) போட்டுக் கொடுக்கிறோம். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்பதில்லை.

இப்போது பக்கவாதம் வந்த ஒரு பாட்டி வீட்டில் வேலை நின்றுபோயிருக்கிறது. வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 7 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பதுதான் ரேம்ப் கணக்கு. அப்படிப் பார்த்தால் 21 அடி வேண்டும். அந்தச் சந்தில் இடமில்லை. செங்குத்தாகப் போட்டுக் கொடுக்க மனசு வரவில்லை, சக்கர நாற்காலி சறுக்கிவிடும். படிகளின் உயரத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்கலாம் என்றிருக்கிறோம்.

குளியலறைதான் பெரிய கவலை. சுவர் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே வெற்றிடம் உள்ள சிமெண்ட் கல். போன வாரம் நாங்கள் மாட்டிய கம்பியை இழுத்துப் பார்த்தேன், திருகோடு கையில் வந்துவிட்டது. பாட்டி பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று ராத்திரி தூக்கமே இல்லை. இன்றைக்கும் அவர் பிளாஸ்டிக் வாளியின் விளிம்பைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார்.

ஹாலோ பிளாக்கில் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை செலுத்தி போல்ட்டை இறுகப் பிடிக்க வைப்பது) போட்டுப் பழகியவர் ஒருநாள் வந்தால் போதும், கூலி கொடுத்துவிடுகிறோம். ஒன்றரை அங்குல ஸ்டீல் குழாய் யாரிடமாவது மிச்சம் இருந்தாலும் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். இந்தச் சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நன்றாக இருக்கும்.