லீபர்மேனைத் தோற்கடித்தது வலைப்பதிவுகளா? அந்தப் பத்தாயிரம் ஓட்டு யாருடையது?

பழையபேப்பர்:
போன வாரம் ஓடிய அமெரிக்கத் தேர்தல் இழையில் நண்பர் வலைராஜா போகிற போக்கில் ஒரு வரியைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார்: "2006-இல் கனெக்டிகட்டில் ஜோ லீபர்மேனை வீட்டுக்கு அனுப்பியதே வலைப்பதிவர்கள்தான்." அதற்கு விருப்பக்குறி வேறு குவிந்து கிடக்கிறது. வீட்டுக்கு அனுப்பினார்களாம்! அந்த மனிதர் 2013 ஜனவரி வரை செனட்டில் உட்கார்ந்திருந்தாரே, அது யார் வீடு?

கதை தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். லீபர்மேன் ஜனநாயகக் கட்சிக்காரர். 2000-இல் அல் கோருடன் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். ஈராக் போரை விடாமல் ஆதரித்ததால் கட்சிக்குள் கடுப்பு கிளம்பியது. டெய்லி கோஸ், ஃபயர்டாக்லேக் மாதிரி வலைப்பதிவுகள் கிரீன்விச் ஊர்ப் பணக்காரர் நெட் லாமோண்டைத் தூக்கிப் பிடித்தன. கட்சியின் செனட் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஆகஸ்ட் 8 உட்கட்சித் தேர்தலில் லாமோண்ட் 52 சதவீதம், லீபர்மேன் 48. வித்தியாசம் சுமார் பத்தாயிரம் ஓட்டு. நவம்பர் பொதுத்தேர்தலில் லீபர்மேன் தனியாக நின்று 50-க்கு 40 என்று அதே லாமோண்டை மண்ணைக் கவ்வ வைத்தார். ஆகஸ்டில் விழுந்த அந்தப் பத்தாயிரம் ஓட்டுக்கு வலைப்பதிவர்கள் என்றைக்குப் பட்டா வாங்கினார்கள்?

வலைராஜா:
வந்துவிட்டார் பேப்பர் ஐயா. இணையத்தில் எது நடந்தாலும் நடக்கவில்லை என்று நிரூபிப்பதே இவருக்குத் தொழில்.

2006 மே மாதம் குயின்னிபியாக் பல்கலைக்கழகக் கருத்துக்கணிப்பில் லீபர்மேன் 65, லாமோண்ட் 19. மூன்று முறை செனட்டரானவரை எதிர்த்து நின்ற, மாநிலத்தில் பாதிப் பேருக்கு முகம்கூடத் தெரியாத ஆள். மூன்றே மாதத்தில் 52 ஆனது எப்படி? 2005 நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் "படை ஈராக்கில் இருந்தே ஆக வேண்டும்" என்ற பாணியில் லீபர்மேன் கட்டுரை எழுதினார். அதை மறக்க விடாமல் நாள் தவறாமல் கிளறியது யார்? உள்ளூர்ப் பதிவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு லீபர்மேன் போன இடத்துக்கெல்லாம் போனார்கள். 2005 பிப்ரவரியில் அதிபர் உரை முடிந்ததும் புஷ் லீபர்மேனைக் கட்டி முத்தமிட்ட காட்சியைப் பெரிய காகிதக்கூழ் பொம்மையாகச் செய்து வண்டியில் ஏற்றி ஊர் ஊராக ஓட்டினார்கள். அந்தப் பத்தாயிரம் ஓட்டு எங்களுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சும்மாஇரு:
எங்களுடையதா? நீங்கள் அப்போது திருப்பூரில் இருந்ததாக உங்கள் பதிவிலேயே படித்த ஞாபகம்.

வலைராஜா:
வலைப்பதிவர் என்ற இனத்தைச் சொன்னேன். உங்களுக்கு இனம் கிடையாது, நக்கல் மட்டும்தான் உண்டு.

பழையபேப்பர்:
முத்தப் பொம்மை. சரி. அது தெருவில் ஓடிய வண்டியா, வலைப்பதிவா? தெருவில் ஓடியது என்றால் தெருவுக்குக் கொடுங்கள் அந்த ஓட்டை.

வலைராஜா வசதியாக விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். லாமோண்ட் யார்? ஜே.பி. மார்கன் வங்கியின் தலைவராக இருந்த தாமஸ் லாமோண்டின் கொள்ளுப்பேரன். கேபிள் தொழிலதிபர். அந்த ஆண்டு முழுக்கச் சொந்தப் பணம் மட்டும் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் இறக்கினார். தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் பணம் கட்டியது கோஸ் தளத்தின் பின்னூட்டப் பெட்டியா? ஜூலை 30-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதி லாமோண்டை ஆதரித்ததே, அதுவும் வலைப்பதிவா? காகிதம் ஐயா, காகிதம்.

ஹார்ட்ஃபோர்டுக்காரன்:
நான் அப்போது இங்கேதான் இருந்தேன். பச்சை அட்டை என்பதால் ஓட்டு கிடையாது. ஆனால் தெருவைப் பார்த்தவன். ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் உட்கட்சித் தேர்தலில் ஓட்டு. எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள்தான் மாநிலத்திலேயே பெரிய கூட்டம். அவர்கள் ஆகஸ்டில் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள், நவம்பரில் உள்ளே வந்தார்கள். அதனால் ஆகஸ்ட் வேறு, நவம்பர் வேறு. என் அலுவலகத்தில் வலைப்பதிவு படித்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் "முத்தம்" என்றால் எல்லாருக்கும் தெரியும்.

வலைராஜா:
பார்த்தீர்களா! எல்லாருக்கும் தெரிந்தது. யார் தெரிய வைத்தது?

பழையபேப்பர்:
பார்த்தீர்களா! ஒருவரும் படித்ததில்லை என்று அந்த ஊர்க்காரரே சொல்லிவிட்டார்.

செங்கமலம்:
இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை ஆளுக்கொரு பாதியாகப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறீர்கள்.

ஓட்டை எண்ணுவதை விடுங்கள். வலைப்பதிவு வாக்காளரிடம் நேராகப் பேசியதே குறைவு. அது பேசியது செய்தியாளரிடம். 2004-இல் தெற்கு டகோட்டாவில் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் டாம் டாஷ்லை ஜான் தூன் 4,508 ஓட்டில் தோற்கடித்தார். தூனின் பிரசாரக் குழு இரண்டு பதிவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ஒருவருக்கு 27,000 டாலர், இன்னொருவருக்கு 8,000. வாசித்தவர்கள் பலருக்கு அது தெரியாது. அவர்கள் தினமும் செய்த வேலை என்ன? மாநிலத்தின் பெரிய நாளிதழான ஆர்கஸ் லீடர் டாஷ்லுக்குச் சாய்கிறது என்று குற்றம் சாட்டிக்கொண்டே இருந்தார்கள். நாளிதழ்க்காரன் ஒவ்வொரு வரி எழுதும்போதும் அதை நினைத்துக்கொள்வான் இல்லையா? செல்வாக்கு என்பது அங்கே. இன்னொன்று பணம். 2004 பிப்ரவரியில் கென்டக்கி இடைத்தேர்தலில் பென் சாண்ட்லர் சுமார் 2,000 டாலருக்கு வலைப்பதிவு விளம்பரம் வாங்கி, எண்பதாயிரம் டாலர் நன்கொடை எடுத்தார். ஜெயித்தும் விட்டார்.

பழையபேப்பர்:
அம்மா, தெற்கு டகோட்டா நல்ல ஊர். கென்டக்கியும் நல்ல ஊர். நான் கேட்டது கனெக்டிகட். அந்தப் பத்தாயிரம் ஓட்டு?

செங்கமலம்:
இதே மாதிரிதான் 2004-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஹோவர்ட் டீன் பற்றிய இழையிலும் நான் எழுதியதைப் படிக்காமலே பதில் போட்டீர்கள். அப்புறம் "தனிநபர் தாக்குதல்" என்று புகார் கொடுத்து என் பின்னூட்டத்தைத் தூக்க வைத்தீர்கள். எனக்கு மறதி கிடையாது ஐயா.

பழையபேப்பர்:
டீன் இழையில் நீங்கள் எழுதியது அவர் முதல் உட்கட்சி வாக்கெடுப்பு நடந்த ஐயோவா மாநிலத்தில் ஜெயிப்பதற்குரிய எல்லாத் தகுதியும் உள்ளவர் என்று. இணையத்தில் கோடி கோடியாகத் திரட்டி, நாடே அண்ணாந்து பார்க்க, 2004 ஜனவரி 19 அன்று மூன்றாம் இடம். கெர்ரி 38, எட்வர்ட்ஸ் 32, டீன் 18. அன்று இரவு அவர் போட்ட கூச்சலைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போட்டே கதையை முடித்தது. தொலைக்காட்சி! புகார் கொடுத்தது நான் அல்ல.

சும்மாஇரு:
புகார் கொடுத்தது நான். இன்றைக்கும் கொடுப்பேன்.

வலைராஜா:
ஐயா டீனை இழுத்தால் நானும் இழுப்பேன். அதே 2006-இல் வர்ஜீனியாவில் ரிபப்ளிகன் செனட்டர் ஜார்ஜ் ஆலன். எதிரணிக்காகப் படம்பிடிக்க வந்த இந்திய வம்சாவளி மாணவனைப் பார்த்து, குரங்கைக் குறிக்கும் "மக்காக்கா" என்ற சொல்லால் கூட்டத்தில் கேலி செய்தார். அந்தக் காணொளி யூடியூபுக்கு வந்தது, பதிவுகள் விடாமல் அடித்தன. அசைக்க முடியாது என்றிருந்தவர் ஜிம் வெப்பிடம் பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். செனட்டே கைமாறியது. அங்கேயும் பத்தாயிரம், இங்கேயும் பத்தாயிரம். போதுமா?

பழையபேப்பர்:
எண் ஒன்றுபோல இருந்தால் காரணமும் ஒன்றாகிவிடுமா? அந்தக் காணொளியை வாஷிங்டன் போஸ்ட் கையில் எடுத்த பிறகுதான் அது ஊர்ப் பேச்சானது. மறுபடியும் காகிதம்.

இப்போது கனெக்டிகட்டுக்கு வாருங்கள், தப்பிக்க விடமாட்டேன். ஆகஸ்ட் 3 அன்று அதே குயின்னிபியாக் கணிப்பில் லாமோண்ட் 54, லீபர்மேன் 41. பதின்மூன்று புள்ளி முன்னிலை. ஆகஸ்ட் 7 அன்று 51-க்கு 45. எட்டாம் தேதி முடிவு 52-க்கு 48. ஐந்து நாளில் ஒன்பது புள்ளி கரைந்தது. நடுவில் நடந்தது என்ன? ஃபயர்டாக்லேக் பதிவர் லீபர்மேன் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய ஒட்டுப்படத்தைப் போட்டார். கறுப்பின மக்களை நையாண்டி செய்யும் பழைய மேடைக்கூத்து வேஷம் அது. நாடு முழுக்கச் செய்தி. படத்தைத் தூக்கினார்கள், லாமோண்ட் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கையைக் கழுவினார். அதாவது உங்கள் இனம் கடைசி வாரத்தில் வேட்பாளரைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தே விட்டது. பத்தாயிரம் ஓட்டு வலைப்பதிவு சேர்த்த கணக்கு அல்ல, வலைப்பதிவு தின்றது போக மிஞ்சிய கணக்கு!

வலைராஜா:
அந்த ஒட்டுப்படம்தான் குறைத்தது என்று கருத்துக்கணிப்பில் கேட்டார்களா? லீபர்மேனின் கடைசி நேர விளம்பரங்கள் கண்ணில் படவில்லையா? முன்னாள் அதிபர் பில் கிளின்டன் ஜூலை கடைசியில் வந்து அவருக்காக மேடை ஏறியது? ஓட்டு கூடினால் பணமும் பத்திரிகையும், குறைந்தால் வலைப்பதிவா? உங்கள் தராசு எந்தக் கடையில் வாங்கியது?

ஹார்ட்ஃபோர்டுக்காரன்:
தேர்தல் அன்று லீபர்மேனின் இணையதளமே படுத்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? லாமோண்ட் ஆட்கள் தாக்கிவிட்டார்கள் என்று அவருடைய குழு புகார் கொடுத்தது. அன்று முழுக்க வானொலியில் அதே பேச்சு.

வலைராஜா:
ஆமாம், அந்தப் புளுகை மறக்க முடியுமா? எஃப்.பி.ஐ. விசாரித்தது. தாக்குதலும் இல்லை, ஒன்றும் இல்லை. சர்வரைச் சரியாக அமைக்கவில்லை. மணிக்கு 100 மின்னஞ்சல் என்று வரம்பு வைத்திருந்தார்கள், முந்தின நாள் ராத்திரி அதைத் தாண்டியதும் தளம் கவிழ்ந்தது. 2008-இல் தகவல் உரிமைக் கோரிக்கையில்தான் இது வெளியே வந்தது. ஒரு மன்னிப்பு உண்டா? இப்படிப்பட்டவருக்கு வக்காலத்து வாங்க நம் பேப்பர் ஐயா.

சும்மாஇரு:
மணிக்கு 100 மின்னஞ்சலா? என் மாமாவின் நல்லகாலை வணக்கக் குழுவே அதைத் தாண்டும்.

பழையபேப்பர்:
நான் லீபர்மேனுக்கு வக்காலத்து வாங்கினேன் என்று ஒரு வரி காட்டுங்கள். 2009 டிசம்பரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவில் அரசுக் காப்பீட்டை வெட்ட வைத்தவர் அவர். மசோதா செனட்டில் தடையின்றி நகரத் தேவைப்பட்ட அறுபதாவது ஓட்டு அவர் கையில் இருந்தது. அந்த ஓட்டை அவர் கையில் கொடுத்ததே உங்கள் கனெக்டிகட் சாகசம்தான். கட்சிக்குள் பத்தோடு பதினொன்றாக இருந்தவரை வெளியே தள்ளினீர்கள். உட்கட்சித் தேர்தலுக்கு மறுநாளே 7,500 கையெழுத்துக்கான மனுவைக் கொடுத்து, "கனெக்டிகட் ஃபார் லீபர்மேன்" என்று சொந்தக் கட்சி தொடங்கி நின்றார். ரிபப்ளிகன் வாக்காளரில் பத்துக்கு ஏழு பேர் தங்கள் சொந்த வேட்பாளரை விட்டுவிட்டு அவருக்குக் குத்தினார்கள். ஜெயித்து வந்த பிறகு கட்சிக்குக் கட்டுப்படும் அவசியமே அவருக்கு இல்லாமல் போனது. 2008-இல் ரிபப்ளிகன் அதிபர் வேட்பாளர் மெக்கெய்னுக்கு மேடை ஏறினார். பிரமாதமான செல்வாக்கு!

செங்கமலம்:
ஆக, செல்வாக்கு இருந்தது, விளைவு மோசமாக இருந்தது என்கிறீர்கள். முதல் பதிவில் செல்வாக்கே இல்லை என்றீர்களே?

பழையபேப்பர்:
முதல் பதிவில் நான் கேட்டது பத்தாயிரம் ஓட்டு. இன்னும் அதைத்தான் கேட்கிறேன். யாரும் எடுத்து வைக்கவில்லை.

மட்டுறுத்துநர்:
புகார், வக்காலத்து, புளுகு ஆகிய சொற்கள் ஒருவரை ஒருவர் நோக்கிப் பறக்கின்றன. கனெக்டிகட்டோடு நிற்கவும். டீன் இழையைக் கிளறி யாரும் கணக்குத் தீர்க்க வேண்டாம்.

வலைராஜா:
கனெக்டிகட்டோடு நிற்கிறேன். 2018-இல் அந்த மாநிலக் கவர்னர் ஆனது யார்? நெட் லாமோண்ட். 2022-இல் மறுபடியும் அவரே. 2006-இல் நாங்கள் ஏற்றி வைத்த பெயர் அது. பேப்பர் ஐயா இதைக் கத்தரித்து ஒட்டிக்கொள்ளட்டும்.

பழையபேப்பர்:
நடுவில் 2010 என்று ஒரு ஆண்டு வந்ததே, அது உங்கள் நாட்காட்டியில் கிழிந்துபோய்விட்டதா? அதே லாமோண்ட் கவர்னர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் டான் மல்லாயிடம் தோற்றார். அதே ஆகஸ்ட் மாதம், அதே கட்சி வாக்காளர்கள். ஈராக் போர் மட்டும் அங்கே இல்லை. வலைப்பதிவுகள் இருந்தனவே. பத்தாயிரம் பேர் எங்கே போனார்கள்?

வலைராஜா:
2010-இல் பதிவர்கள் எல்லாரும் அவர் பக்கம் இருந்தார்கள் என்று யார் சொன்னது? ஆதாரம் கொடுங்கள், அப்புறம் பேசலாம்.

பழையபேப்பர்:
2006-இல் ஓட்டு அவர்களால்தான் விழுந்தது என்பதற்கு நீங்கள் முதலில் கொடுங்கள்.

சும்மாஇரு:
மட்டுறுத்துநரே, இந்த முறை புகார் யார் மீது கொடுப்பது?