டியூபரின் சாயம் தெளிவாக வரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (மூளை உட்படப் பல உறுப்புகளில் கட்டிகள் தோன்றும் மரபணு நோய்) நோயாளிகளின் மூளைத் திசுவில் ஹமார்ட்டின், டியூபரின் புரதங்களைப் பார்த்துவருகிறேன். இவற்றை உருவாக்கும் டிஎஸ்சி1, டிஎஸ்சி2 மரபணுக்களின் ஆர்என்ஏ நன்றாகவே கிடைக்கிறது. சிக்கல் புரதத்தில்தான்.

பாரஃபினில் பதித்த திசுவின் மெல்லிய வெட்டில் பாஸ்போ-எஸ்6 ஆன்டிபாடி (எம்டார் வேலைசெய்வதைக் காட்டுவது) போட்டால், புறணிக் கட்டியின் ராட்சத செல்கள் பளிச்சென்று பழுப்பாக நிற்கின்றன; இவ்விரு புரதங்களும் அடக்கிவைக்க வேண்டிய எம்டார் (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) கடிவாளம் அறுந்து ஓடுவது கண்ணுக்கே தெரிகிறது. அடுத்த வெட்டில் டியூபரின் போட்டால் எல்லாம் ஒரே மங்கல். ஹமார்ட்டின் துணை இல்லாவிட்டால் டியூபரின் சீக்கிரம் சிதையும். அதனால் இது நிஜக் குறைவா, ஆன்டிபாடி கோளாறா என்று பிரிக்க முடியவில்லை. திசுவை அரைத்துப் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் 200 கிலோடால்டன் அருகே பட்டை வருகிறது. சரி, ஆனால் எந்தச் செல்லிலிருந்து?

ஃபார்மலின் திசுவில் உங்களுக்குக் கைகொடுத்த ஆன்டிபாடி, ஆன்டிஜென் மீட்பு முறை (ஃபார்மலின் மறைத்த புரதப் பகுதியை ஆன்டிபாடிக்கு மீண்டும் எட்டவைப்பது), அப்புறம் நெகடிவ் கன்ட்ரோலுக்கு (சாயம் ஏறக்கூடாத ஒப்பீட்டு வெட்டு) எதை வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். குடும்பங்கள் நம்பிக் கொடுத்த திசு இது. ஒரு வெட்டைக்கூட வீணாக்க மனமில்லை.