சினிமா ஃபைட்டும் நிஜ அடியும்: பட்டவங்க, பார்த்தவங்க வந்து சொல்லுங்க

ராயபுரத்தான்

நேத்து ராத்திரி வீட்ல உட்கார்ந்து படம் பார்த்துக்கிட்டிருந்தோம். ஹீரோ ஒத்தை ஆளா இருபது பேரைப் போட்டுப் புரட்டிட்டு, காலரை இழுத்து விட்டுக்கிட்டு நடந்து போறார். தலைமுடி கூட கலையல. ஒன்பது வயசு மக என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயும் பாக்ஸிங் போனியாமே, பாட்டி சொல்லிச்சு. எத்தனை பேரை அடிச்சிருக்கே?"ன்னு கேட்டா.

ரிங்குக்கு வெளியே ஒருத்தனை அடிச்சிருக்கேன். உடைஞ்சது என் கை.

அப்போ எனக்கு இருபத்தோரு வயசு. வடசென்னையில ஒரு சின்ன ஜிம்ல ரெண்டு வருஷமா மூட்டையைக் குத்திக்கிட்டிருந்தேன். அந்த வயசுல எல்லாருக்கும் இருக்கிற மெதப்பு எனக்கும் இருந்துச்சு. டீக்கடை வாசல்ல பைக் உரசினதுல தகராறு. எதிராளி என் ஃப்ரெண்டோட சட்டையைப் பிடிச்சான். நான் ரைட் எடுத்து விட்டேன். மூட்டையில ஆயிரம் தடவை போட்ட அதே ரைட்டுதான். ஆனா மூட்டை குனியாது, அவன் குனிஞ்சான். தாடைக்குப் போன குத்து மண்டை உச்சியில இறங்குச்சு. 'டக்'னு ஒரு சத்தம். அவன் தலையைத் தடவிக்கிட்டே "இன்னாடா?"ன்னான். எனக்குச் சுண்டுவிரலுக்குக் கீழ தீ வெச்ச மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுக்கு சண்டைன்னு பேர் வைக்கவே வெட்கமா இருக்கு. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு, ஒருத்தன் சட்டையை ஒருத்தன் கிழிச்சு, கால்வாய் ஓரமா விழுந்து உருண்டோம். செருப்பு ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம். எதிர்ல பழக்கடை வெச்சிருந்த அக்கா ஒரு குடம் தண்ணியை மேல ஊத்தினாங்க. ஆரம்பிச்சு முடிஞ்சது பதினஞ்சு செகண்ட் கூட இருக்காது. எனக்கு மூச்சு வாங்கி நிக்க முடியல.

ஆஸ்பத்திரியில டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துட்டு, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள "யாரை அடிச்சே?"ன்னார். சுண்டுவிரலுக்குக் கீழ இருக்கிற அந்த எலும்பு அங்க உடைஞ்சா அதுக்குப் பேரே 'பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர்'. நாலு வாரம் மாவுக்கட்டு. கட்டோட ஜிம்முக்குப் போனா மாஸ்டர் கேட்டது ஒண்ணுதான்: "தேங்காயைக் கையாலயாடா உடைப்பே?" கையில சுத்துற துணிக்கட்டும் கிளவுஸும் எதிராளி மூஞ்சியைக் காப்பாத்தத்தான்னு நினைச்சிருந்தேன். பாதி வேலை நம்ம விரலைக் காப்பாத்துறதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

2021ல 'சார்பட்டா பரம்பரை' வந்தப்போ எங்க ஏரியாவே திருவிழா மாதிரி இருந்துச்சு. எங்கப்பா 1980ல நேரு ஸ்டேடியத்துல முகமது அலி ஆடினதைப் பார்த்தவர். அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு. பரம்பரைப் பகை, பாக்ஸர்களுக்கு ஊர் கொடுத்த மரியாதை எல்லாம் அவர் சொன்ன கதைகளோட ஒத்துப்போச்சு. ஆனா ரிங்குக்குள்ள? எந்தப் படமா இருந்தாலும் முக்கால்வாசி குத்து முழு வீச்சுல மூஞ்சியில விழுது. நிஜத்துல பாதி காத்துல போகும், பாதி கையில பட்டுத் தெறிக்கும், மிச்ச நேரம் ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு மூச்சு வாங்குவோம். அமெச்சூர்ல மூணு நிமிஷ ரவுண்டு மூணே மூணு. என் முதல் ஸ்பாரிங்ல, அதாவது பயிற்சிச் சண்டையில, முதல் நிமிஷம் முழுக்க மூச்சு விடவே மறந்துட்டேன். ரெண்டாவது நிமிஷம் கை ரெண்டும் தண்ணிக் குடம் மாதிரி கனத்துடுச்சு. அதைப் படமா எடுத்தா தியேட்டர்ல எவன் உட்காருவான்?

உங்க கதையைப் போடுங்க.

நைட் ட்யூட்டி

அந்த எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நானா இருந்திருக்கலாம், வயசுதான் ஒத்து வரல. கேஷுவாலிட்டியில பதினோரு வருஷம். ஞாயித்துக்கிழமை ராத்திரி வாங்க, காட்டறேன்.

சினிமாவுல எனக்கு ஆகாதது அந்த 'மயக்க அடி'. பின்மண்டையில ஒரு தட்டு, காவலாளி சரிவான், ஹீரோ உள்ள போய் வேலையை முடிச்சுட்டு வருவார், காவலாளி தலையைச் சொறிஞ்சுக்கிட்டே எழுந்திருப்பான். அடிபட்டு அஞ்சு நிமிஷம் நினைவில்லாம ஒருத்தர் கிடந்தாலே நாங்க சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டு ஓடுவோம்.

ஒரு பையன், இருபத்திரண்டு வயசு. கல்யாண மண்டபத்துல டான்ஸ் ஆடற இடத்துல தகராறு. நெத்திப்பொட்டுப் பக்கம் ஒரே ஒரு அடி. கொஞ்ச நேரம் கண் இருட்டிச்சாம், அப்புறம் சரியாயிடுச்சாம். அவனே நடந்து வந்தான். ஃபோன்ல "ஒண்ணுமில்லடா, நீங்க சாப்பிடுங்க, வந்துடறேன்"னு பேசிக்கிட்டிருந்தான். தலைவலி மாத்திரை மட்டும் கொடுங்க, பந்திக்குப் போகணும்னு அவசரப்பட்டான். எங்க சிஸ்டர் ஒருத்தங்க, முப்பது வருஷ சர்வீஸ். "டாக்டர், இவனை விட்டுடாதீங்க, பேச்சு குழையுது"ன்னு காதுல சொன்னாங்க. எனக்குக் குழையறது கேட்கவே இல்ல. முக்கால் மணி நேரத்துல வாந்தி எடுத்தான். அப்புறம் எழுப்பினா எழுந்திருக்கல. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்கிட்டே வந்திருக்கு. அதுவரைக்கும் ஆள் தெளிவாத்தான் பேசுவான். அதுதான் இதுல பயங்கரம். உடனே ஆபரேஷன், பிழைச்சுட்டான். அடிச்சவன் அவனோட சித்தப்பா மகன். வராண்டாவுல பட்டு வேட்டியோட விடிய விடிய உட்கார்ந்திருந்தான்.

இன்னொண்ணு, வில்லன் வாயில குத்துறது. எதிராளி பல்லு உங்க விரல் முட்டியில கீறினா பார்க்கச் சின்னக் காயம்தான். மனுஷ வாயில இருக்கிற கிருமி மூட்டுக்குள்ள போனா ரெண்டு நாள்ல கை வீங்கி, விரல் மடங்காம வருவாங்க. "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு"ன்னு எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்லுவாங்க. யார் எந்தக் கதவுல மாட்டினான்னு எங்களுக்குத் தெரியும்.

அருவா வெட்டு கேஸ்ல முதல்ல நான் பார்க்கிறது முன்கையும் உள்ளங்கையும்தான். வெட்டு வரும்போது எல்லாரும் கையைத்தான் நீட்டுவாங்க. தசைநார் அறுந்த விரலைத் தைச்சாலும் பழையபடி சட்டை பட்டன் போட மாசக்கணக்காகும். ஏ.ஆர்., அதான் போலீஸ் கேஸுக்கான காயப் பதிவேடு, எழுதும்போது பல்லு உடைஞ்சிருக்கான்னும் பார்க்கணும். ஒரு பல்லு உடைஞ்சாலே சட்டத்துல அது கொடுங்காயம். முன்னே ஐ.பி.சி. 325, இப்போ பி.என்.எஸ். 117. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை கொடுக்கலாம். ஹீரோ ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எத்தனை ஏழு வருஷம் சம்பாதிக்கிறார்னு கணக்குப் போட்டுக்கிட்டே படம் பார்க்கிறது என் பொழுதுபோக்கு.

ராயபுரத்தான்

டாக்டர், படிச்சுட்டு கை நடுங்குது. எங்க மாஸ்டர் அடிக்கடி ஒரு பேரைச் சொல்லுவார்: டுக் கூ கிம், கொரியாக்காரர். 1982ல லாஸ் வேகாஸ்ல 14வது ரவுண்டுல விழுந்து, சில நாள்ல செத்துப்போனார். அதுக்கப்புறம்தான் 15 ரவுண்டு சாம்பியன்ஷிப்பை 12 ஆக்க ஆரம்பிச்சாங்க. "பதினஞ்சு ரவுண்டு சண்டை"ன்னு பழைய ஆளுங்க பெருமையா பேசும்போதெல்லாம் மாஸ்டர் எழுந்து போயிடுவார்.

கம்புக்காரன்

நமக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆறு வருஷம் சிலம்பம் படிச்சேன். படத்துல கம்பைக் கையில கொடுத்த உடனே ஹீரோ சுத்த ஆரம்பிச்சிடுவாரு. எங்க ஆசான்கிட்ட முதல் மூணு மாசம் கம்பையே தொட விடல. காலடி, காலடி, காலடி. மண்ணுல கோடு போட்டு அதுல மாறி மாறி நிக்கணும். கம்பு எங்க வரும்னு காலைப் பார்த்தா தெரியும்பாரு. அதனாலதான் எம்.ஜி.ஆர். பழைய படத்துல கம்பு எடுத்தா எங்க ஆசான் டிவி முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்திடுவாரு. "நிஜமாவே படிச்ச ஆளு, காலைப் பாருலே"ன்னு சொல்லுவாரு. இப்ப உள்ள படத்துல காலையே காட்ட மாட்டாங்க, இடுப்புக்கு மேலதான்.

நான் பட்டதைச் சொல்லுதேன். பக்கத்து ஊரு கோயில் கொடை. ராத்திரி ரெண்டு மணி. வில்லுப்பாட்டு முடிஞ்சு ரெண்டு தெருக்காரங்களுக்குள்ள வாய்த்தகராறு. நாங்க அப்பதான் சிலம்பம் ஆடி முடிச்சிருந்தோம், கம்பு கையில இருக்கு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குதூகலம், பொய் சொல்லக்கூடாது. ஆறு வருஷத்துக்கு இன்னைக்குத்தான் வேலைன்னு நினைச்சேன். சந்துக்குள்ள கம்பை ஓங்கினேன். பின்முனை சுவத்துல இடிச்சது. திருப்பினேன், மேல கட்டியிருந்த சீரியல் லைட் வயர்ல மாட்டிக்கிச்சு. நெத்தி உயரக் கம்பு, அஞ்சடிச் சந்து. அதை விடுவிக்கக்குள்ள இருட்டுக்குள்ள இருந்து ஒரு கல்லு வந்து காதுக்கு மேல பட்டுது. எறிஞ்சவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

திரும்பிப் பார்த்தா ஆசான் அறுபது வயசுல வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாழைத்தோப்புக்குள்ள ஓடிக்கிட்டிருக்காரு. திரும்பி வந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, "ஏல, கம்பைப் போட்டுட்டு ஓடுலே!" அந்தக் கம்பு அங்கேயே தொங்குச்சு. மறுநாள் பந்தக்காரர் எடுத்துக் கொடுத்தாரு.

2024 ஜனவரியில கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி நம்ம தமிழ்நாட்டுல நடந்தப்போ சிலம்பத்தையும் டெமோ விளையாட்டா சேர்த்தாங்க. எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுலேருந்து ஒரே உற்சாகம். தொட்டா பாயிண்டு, சுத்திலும் இடம், நடுவர் உண்டு. அங்க ஆடட்டும், அழகா இருக்கும்.

பல்லவன் பயணி

ஆம்பளைங்க கதையாவே போகுது, என்னோடதையும் வெச்சுக்கோங்க. காலேஜ்ல ரெண்டு மாசம் தற்காப்புப் பயிற்சி. மணிக்கட்டைப் பிடிச்சா எப்படித் திருகி விடுவிக்கிறதுன்னு ஜோடி ஜோடியா பழகினோம். ஒருத்தி பிடிப்பா, "ரெடியா?"ன்னு கேட்பா, நான் திருகுவேன். கூட்டமான பஸ்ல ஒருத்தன் பின்னாடி வந்து நின்னப்போ எவனும் ரெடியான்னு கேட்கல. கை காலெல்லாம் மரத்துப்போச்சு. கத்தணும்னு நினைக்கிறேன், தொண்டையிலேருந்து காத்துதான் வருது. ரெண்டு ஸ்டாப் அப்படியே போச்சு. பக்கத்துல நின்ன பூக்கார அம்மா முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டாங்க. ஒண்ணும் பேசல. ரவிக்கையிலேருந்து சேஃப்டி பின்னைக் கழட்டி என் கையில வெச்சாங்க. மூணாவது ஸ்டாப் வர்றதுக்குள்ள அவன் இறங்கிட்டான். எந்தப் படத்துலயும் ஹீரோயின் சேஃப்டி பின் குத்தி நான் பார்த்ததில்ல.

படம்பார்ப்போன்

படத்தைப் படமா பாருங்கப்பா. டூயட்ல பின்னாடி நாற்பது பேர் ஆடறாங்களே, நிஜத்துல எங்க ஆடறாங்கன்னு யாராவது கேட்கறீங்களா?

மூணாவது அடியாள்

நண்பர் சொல்றதும் நியாயம்தான். ஆனா நான் அந்த இருபது பேர்ல ஒருத்தன், என் பக்கத்தையும் கேளுங்க. பதினாலு வருஷமா அடி வாங்கறேன்.

குத்துக்கும் மூஞ்சிக்கும் நடுவுல முக்கால் அடி இடைவெளி இருக்கும். கேமரா ஹீரோ தோளுக்குப் பின்னாடி நின்னா அது தெரியாது. குத்து பட்டதா இல்லையான்னு முடிவு பண்றது என் தலை. சரியான நேரத்துல தலை திரும்பி, கழுத்து போய், கால் தூக்கணும். கொஞ்சம் முன்னாடி திரும்பினா ஃபைட் மாஸ்டர் மைக்ல திட்டுவார், கொஞ்சம் லேட்டானா அடுத்த டேக். 'டிஷ்யூம்' எல்லாம் அப்புறம் டப்பிங்ல சேர்க்கிறது. அந்தச் சத்தத்தை மியூட் பண்ணிட்டு ஒரு ஃபைட்டைப் பாருங்க, டான்ஸ் ரிகர்சல் மாதிரி இருக்கும். குத்துறவங்க கையைப் பின்னாடி வரைக்கும் கொண்டுபோய்ச் சுத்தி வீசறது ஏன்னா, கடைசி வரிசை ஆளுக்கும் தெரியணும். பாக்ஸர் போடற குத்து கேமராவுல தெரியவே தெரியாது.

நாலு நிமிஷ ஃபைட்டுக்கு அஞ்சாறு நாள் எடுப்போம். ரோப்ல தூக்கி சுவத்துல அடிக்கிறது, மாடியிலேருந்து பெட்ல விழறது எல்லாம் நிஜம். விழறதை எந்தச் சத்தமும் காப்பாத்தாது. ரெண்டு விலா எலும்பு, ஒரு தோள்பட்டை இதுவரைக்கும். புது ஹீரோக்கள்தான் எங்களுக்கு எமன். ஜோஷ்ல நிஜமாவே கையை விட்டுடுவாங்க, அப்புறம் "ஸாரிண்ணா, ஸாரிண்ணா"ன்னு கேரவன்லேருந்து ஜூஸ் கொடுத்து அனுப்புவாங்க.

நிஜ சண்டை ஒரு தடவை. வளசரவாக்கத்துல கறிக்கடை வரிசையில நிக்கிறேன், ஃபுல் போதையில ஒருத்தர் என்னை இடிச்சார். "பார்த்துப் போங்க"ன்னேன். கன்னத்துல ஒண்ணு விட்டார். சத்தியமா வலிக்கவே இல்ல, ஈ ஓட்டின மாதிரி இருந்துச்சு. ஆனா பதினாலு வருஷப் பழக்கம் பாருங்க, உடம்பு என்னைக் கேட்கல. கழுத்து தானா திரும்பி, ஒரு சுத்து சுத்தி, காலி முட்டை ட்ரே அடுக்கி வெச்சிருந்தாங்க, அது மேல போய் விழுந்தேன். கடையே 'ஐயோ'ன்னுச்சு. அந்த மனுஷன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டு, தள்ளாடாம நேரா நடந்து வீட்டுக்குப் போயிட்டார். கடைக்காரர் எனக்குக் கால் கிலோ சேர்த்துப் போட்டார்.

ராயபுரத்தான்

அண்ணே! இதை மகளுக்கு வாசிச்சுக் காட்டினேன். டாக்டர் கதையை மட்டும் விட்டுட்டேன். என் கை உடைஞ்ச கதைக்கு அவ சிரிக்கவே இல்ல, முட்டை ட்ரேவுக்கு உருண்டு உருண்டு சிரிச்சா. இப்போ நான் சும்மா கையை வீசினா போதும், சுத்தி சோஃபாவுல விழறா. காலைலேருந்து நாற்பது தடவை. கழுத்தைக் கொஞ்சம் சீக்கிரம் திருப்பிடறா, அதை மட்டும் எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லுங்கண்ணே.